நின்றால் வரவில்லை, குனிந்தால் வந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன். மறதி வேறு. உலையை வைத்துவிட்டு, அரிசி போட்டோமா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்க்கிறவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இது நடந்தது எழுபத்தேழிலோ எழுபத்தெட்டிலோ. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் காலனியில்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். எனக்குப் பிறந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். காலனியில் பாதி வீடு வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், பாதி வீடு மாரியாத்தாவைக் கும்பிடுகிறவர்கள். நிலம் என்று யாருக்கும் ஒரு முழம் கிடையாது. ஆம்பளைகள் ஏர் ஓட்டப் போவார்கள். பொம்பளைகள் நாங்கள் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போவோம். எந்தச் சாமி வீடாக இருந்தாலும் வயலில் ஒரே வரிசைதான்.

காலனிக் கடைசியில் கூரை போட்ட சின்னக் கோயில். நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்லுவோம். உபதேசியார் ஒருவர் உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் வந்து ஆராதனை நடத்துவார். அவருக்கு எங்கள் ஊரோடு இன்னும் ரெண்டு மூன்று ஊர். அவருக்கு மேலே ஐயர். போதகரைத்தான் அப்படிச் சொல்லுவோம். ஐயர் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இராப்போஜனம் கொடுப்பார். அன்றைக்குப் பெரியவர்கள் எல்லாம் முன்னால் போய் முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் திடப்படுத்தல் ஆனவர்கள் மட்டும்தான் போகலாம். அதற்கு, இன்னின்னதை நம்புகிறேன் என்று சொல்கிற விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் கேள்வி பதிலும் மனப்பாடம் செய்து ஐயரிடம் ஒப்புவிக்க வேண்டும். அப்புறம் பிஷப் வந்து தலையில் கை வைப்பார்.

எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே அது ஆகிவிட்டது. நான் யார் முன்னாலும் வாய் திறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்வதற்குள் வாத்தியார் அடுத்த பேருக்குப் போயிருப்பார். ஒப்புவிக்கிற அன்றைக்குக்கூட பிறந்த ஊரில் இருந்த டீச்சரம்மா என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், காதை என் வாயண்டை வைத்துக் கேட்டு, "எல்லாம் சரியாகச் சொன்னாள்" என்று ஐயரிடம் சொன்னார்கள். அப்படிப்பட்டவள் நான். என் மாமியார், "இவ வாயில இன்னா வெச்சிக்கினு கீறா, தொறந்து பாருங்கடி" என்பாள்.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. என் ஓரகத்தியைப் பற்றி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் எனக்கு நேர் எதிர். அவள் சிரித்தால் ஏரிக்கரையில் கேட்கும். அவள் பிறந்தது மாரியாத்தா வீட்டில். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞானஸ்நானம் கொடுத்து, மறுநாள் தாலி கட்டிக் கூட்டிவந்துவிட்டார்கள். அதற்கப்புறம் பிஷப் வந்தபோது ஒரு தடவை அவளுக்குப் பிரசவம். அடுத்த தடவை வீட்டில் அம்மை போட்டிருந்தது. அப்படியே தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

அதனால் இராப்போஜனத்தன்று அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள். கைக்குழந்தைக்காரிகள் முன்னால் போகும்போது குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒன்று இந்த மடியில், ஒன்று அந்த மடியில், இன்னொன்று முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "உத்தரமேரூர்ல சைக்கிள் ஸ்டாண்டு கீதில்ல, அதுமாரி நான் கொயந்த ஸ்டாண்டு. டோக்கன் வாங்கிக்கினு போங்கடி" என்று சிரிப்பாள். எல்லோரும் சிரிப்போம்.

ஒரு தடவை நான் திரும்பி வந்து என் குழந்தையை வாங்கினேன். அதன் தலை ஈரமாக இருந்தது. பால் கக்கியிருக்கும் என்று முந்தானையால் துடைத்தேன். பால் வாசனை இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மெதுவாகச் சொன்னாள். "தங்கச்சி, கல்யாண வூட்ல எச்சி எல எடுக்கறவகூட கடசில உக்காந்து துன்னுட்டுத்தான் போவா. நான் எத்தினி வருசமா பந்தியப் பாத்துக்கினே கீறேன்."

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியது. கிறிஸ்துமஸ் முடிந்ததும், தை கடைசியில் பிஷப் வருகிறார், திடப்படுத்தலுக்குப் பேர் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம் என்று உபதேசியார் சொன்னார். அக்காதான் முதலில் எழுந்து பேர் கொடுத்தாள். பெரிய பிள்ளைகளும், அக்கா மாதிரி வாழ்க்கைப்பட்டு வந்த பொம்பளைகள் சிலரும் சேர்ந்தார்கள். சாயங்காலம் கூலி வேலை முடிந்ததும் கோயிலில் வகுப்பு என்று ஏற்பாடு.

ரெண்டு வகுப்புதான் ஒழுங்காக நடந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மழை விட்டதென்று ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிற டூரிங் கொட்டாய் வந்து இறங்கியது. ரோட்டோரத் தரிசில் கூடாரம் அடித்து, சவுக்குக் கம்பத்தின் உச்சியில் ரெண்டு ஸ்பீக்கர் கட்டினார்கள். பொழுது சாயும்போது ரெக்கார்டு போட்டால் ஊரில் ஒரு அடுப்பு நிதானமாக எரியாது. முதலில் சாமி பாட்டு, அப்புறம் சினிமாப் பாட்டு. எந்தப் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தப் பாட்டு சரியாக எங்கள் வகுப்பு நடுவில் வரும். உபதேசியார் மூன்றாம் கட்டளையைச் சொல்லிக்கொண்டிருப்பார், இந்தப் பக்கம் பாய் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருக்கும்.

முதலில் காலியாவது அக்காவின் இடம்தான். பொய் சொல்லக் கூடாது, அவளுக்கு சினிமா என்றால் உயிர். தரை டிக்கெட்டில் மணலைக் குமித்து மேடு கட்டி உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், மறுநாள் அந்தப் படத்தின் பாட்டு அத்தனையும் முழுசாக வயலில் வரும்.

உபதேசியார் நல்ல மனுஷர்தான். ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோர் முன்னாலும் அக்காவைக் கேட்டுவிட்டார். "ஏம்மா, நீ கோயிலுக்குப் பேர் குடுத்தியா, கொட்டாய்க்குப் பேர் குடுத்தியா? அங்க உக்காந்துகினு கீறவளுக்கு இங்க இன்னா வேல?"

அக்கா தலையைக் குனியவில்லை. "அங்க போனா சிரிக்கிறேன், இங்க வந்தா அயுவுறேன். எனக்கு ரெண்டும் வேணும் உபதேசியாரே" என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமே வகுப்பு கெடையாது. தெரிஞ்சவங்க ஐயர் வரும்போது ஒப்பிச்சிக்கலாம். உன் பேர எடுத்துட்டேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசல் படியில் உட்கார்ந்தாள். "இப்ப வுட்டா இனி பிஷப்பு எப்ப வருவாரோ. நீ அஞ்சாவது படிச்சவ. எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

"நான் எப்டிக்கா?" என்றேன்.

"நீ வாய தொற. மத்தத நான் பாத்துக்கறேன்."

புத்தகத்தை விளக்கண்டை வைத்துக்கொண்டு படித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே கேட்காது. அவள் காதைக் கொடுத்துக் கேட்பாள். ஸ்பீக்கர் அலறும். அவள் வாய் என்னோடு சொல்லும், விரல் அந்தப் பாட்டுக்குத் தட்டும். அப்புறம் நாள் முழுக்கச் சேற்றில் நின்ற களைப்பில் தலை தொங்கிவிடும். மூன்று நாள் இப்படியே போயிற்று. நேற்றுச் சொன்னது இன்றைக்கு நிற்கவில்லை. "என் தலையில கள்ளிதான் மொளைக்கும்" என்று அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் நடவு. நடவு பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லோரும் வரிசையாகக் குனிந்து நிற்போம். இடது கையில் நாற்று முடி, வலது கையால் பிரித்துப் பிரித்துச் சேற்றில் ஊன்ற வேண்டும். ஊன்ற ஊன்றப் பின்னால் நகர வேண்டும். முன்னால் போனால் நட்டதையே மிதித்துவிடுவோம். ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு நின்றால் கையும் நிற்கும். எங்கள் வரிசையில் எடுத்துக் கொடுப்பது எப்போதும் அக்காதான்.

அன்றைக்கும் ஒரே ஒரு தடவை பார்த்த ஒரு படத்தின் பாட்டைப் பாடினாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் பக்கத்தில் குனிந்து நட்டுக்கொண்டே கேட்டேன். இந்தத் தலையிலா நிற்காது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாட்டு முடிந்து அவள் மூச்சு விட்ட நேரத்தில், எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, விசுவாசப் பிரமாணத்தின் முதல் துண்டை நான் சொன்னேன். ராகம் ஒன்றும் இல்லை. நாற்று ஊன்றுகிற தாளத்துக்குச் சொன்னேன். ஒரு வார்த்தைக்கு ஒரு நாற்று.

என் குரல் எனக்குக் கேட்டது. குனிந்திருந்தால் யாருக்கும் என் முகம் தெரியாது, எனக்கும் யார் முகமும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் சேறும் தண்ணீரும்தான். அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை. அது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அக்கா ஒரு நொடி கையை நிறுத்தினாள். அப்புறம் அதையே வாங்கிச் சொன்னாள். நான் அடுத்ததைச் சொன்னேன்.

வரிசையில் கோடி வீட்டு அத்தை ஒருத்தி இருந்தாள். உறவு ஒன்றும் இல்லை, மாரியாத்தா வீட்டுக்காரி. அவளும் சேர்ந்து சொன்னாள். இன்னொருத்தி, "இன்னா அத்தே, நீ இன்னாத்துக்கு வேதப் பாட்டு சொல்ற?" என்று கேட்டாள். "கை ஓடுது, சொல்றேன். எங்காத்தா இதுக்கெல்லாம் கோச்சிக்க மாட்டா. நீ நாத்த நெருக்கி நடு" என்றாள் அத்தை.

நிலத்துக்காரர் குடையோடு வரப்பில் நின்றிருந்தார். அவர் வேண்டாம் என்றால் நாளைக்கு எங்களைக் கூப்பிட மாட்டார். "இன்னாமே, பாட்டு மாறிப்போச்சு?" என்றார்.

அக்கா குனிந்தபடியே, "பயைய ரெக்கார்டு தேஞ்சிபோச்சு நைனா. புதுசு போட்டுகினு கீறோம்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "எதையோ பாடுங்க. கை நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நடவு முடிகிற வரைக்கும் அப்படித்தான் படித்தோம். சினிமாப் பாட்டு ஒன்று, பிரமாணம் ஒன்று. வயல் துண்டைக் கொல்லி என்போம். களத்து மேட்டுக் கொல்லியில் நட்டபோது பிரமாணம், ஏரியை ஒட்டிய பெரிய கொல்லியில் கட்டளைகள், மடையண்டைச் சின்னக் கொல்லியில் கேள்வி பதில். நான் கேள்வி, அவர்கள் பதில். எனக்கு இப்போதும் கட்டளைகளைச் சொன்னால் ஏரித் தண்ணீர் வாசனை வரும். வகுப்பை விட்டுப் போன பொம்பளைகளும் அதே வரிசையில்தானே நின்றார்கள், அவர்களுக்கும் ஏறிவிட்டது. பொழுது சாய்ந்தால் அக்கா கொட்டாய்க்குப் போவதை விடவில்லை. நானும் போகாதே என்று சொல்லவில்லை.

ஒப்புவிக்கிற நாள் வந்தது. ஐயர் மத்தியானத்துக்கு மேல் மோட்டார் சைக்கிளில் வந்தார். கோயில் நிறைந்துவிட்டது. வேடிக்கை பார்க்க மாரியாத்தா வீட்டுக்காரர்களும் வந்து கதவண்டை நின்றார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் கடகடவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பொம்பளைகள் முறை வந்ததும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காதான் எழுந்து முன்னால் போனாள். உபதேசியார், "ஐயா, இந்தம்மா வகுப்புக்கே வரல. பேர எடுத்தாச்சு" என்றார்.

ஐயர் அவளைப் பார்த்தார். "வந்து நிக்கிறாங்களே, கேட்டுப் பார்ப்போம்" என்றார். "சொல்லுங்கம்மா, விசுவாசப் பிரமாணம்."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

நேராக நின்றுகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு மனுஷர் முகத்தைப் பார்த்து அவள் அதைச் சொன்னதே இல்லை. வயலில் சொன்னால் எங்கேயும் வரும் என்று நினைத்துவிட்டோம். ஒரு நாளாவது நிமிர்ந்து நின்று சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவள் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. அதற்குள் பொழுதும் சாய்ந்திருந்தது, அந்த நேரம் பார்த்துக் கொட்டாயில் ரெக்கார்டு போட்டுவிட்டான். எல்லோரும் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உபதேசியார் ஐயரிடம், "பாத்தீங்களா" என்றார். பாவம், அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அக்கா கையைப் பிசைந்தாள். அப்புறம், "ஐயரே, நின்னுக்கினா வர மாட்டேங்குது. குனிஞ்சிக்கட்டா?" என்று கேட்டாள்.

கோயிலே சிரித்தது. ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. "குனியறதா?" என்றார். அவள் புடவையைத் தூக்கிச் செருகினாள். குனிந்தாள். இடது கையை நாற்று முடி பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டாள். உபதேசியார், "கோயில்ல இன்னாம்மா வெளையாட்டு" என்று எழுந்துவிட்டார். ஐயர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

ஆனாலும் வார்த்தை வரவில்லை. வராது. எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அக்கா தலையைத் தூக்காமல், "தங்கச்சி, எடுத்துக் குடு" என்றாள்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அந்தக் கோயில் சுற்றியது. என் வீட்டுக்காரர் ஆம்பளைகள் பக்கத்திலிருந்து பார்க்கிறார். மாமியார் பார்க்கிறாள். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் முதுகு தெரிந்தது. குனிந்து, ஒன்றுமில்லாத கையை நீட்டிக்கொண்டு, எல்லோர் சிரிப்புக்கும் நடுவில் அப்படியே நின்றாள். எனக்காகக் காத்திருந்தாள். இந்தத் தடவையும் அவள் பின்னால்போய் உட்கார்ந்தால், அப்புறம் எந்த முகத்தோடு நான் முன்னால்போய் அப்பம் வாங்குவேன்?

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது. அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். சாணி மெழுகின தரை கண்ணுக்கு முன்னால் வந்தது. சேறு மாதிரியே இருந்தது. முதல் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா வாங்கினாள்.

ஒரு வார்த்தைக்கு ஒரு நாற்று. ஊன்றினோம், பின்னால் நகர்ந்தோம். அடுத்தது. மறுபடி நகர்ந்தோம். உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டது பாய் இழுபடுகிற சத்தத்தில் தெரிந்தது. நாலைந்து துண்டு போயிருக்கும், பக்கத்தில் இன்னொரு குரல் சேர்ந்தது. அப்புறம் இன்னும் ரெண்டு. கதவண்டையிலிருந்தும் கேட்டது. சிரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. ரெக்கார்டு பாடிக்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐயருடைய கால் மட்டும்தான். அங்கி விளிம்புக்குக் கீழே செருப்பில்லாத ரெண்டு கால். நாங்கள் பின்னால் போகப் போக, அந்தக் கால் ஒவ்வொரு அடியாக எங்கள் கூடவே முன்னால் வந்தது. கடைசி வார்த்தையை ஊன்றியபோது என் குதிகால் வாசற்படியில் இடித்தது. கோயிலுக்கு வெளியே போகிற அளவுக்கு வந்துவிட்டோம்.

"நிமிருங்கம்மா" என்றார் ஐயர்.

நிமிர்ந்தோம். அவர் எங்களுக்கு எதிரிலேயே நின்றிருந்தார். சொன்னது ரெண்டே வார்த்தைதான்.

"உள்ள வாங்க."

உபதேசியார் வந்து அக்காவிடம், "நாளைக்குப் பிஷப் முன்னால வெள்ளப் புடவ கட்டிக்கினு வரணும். இருக்குதா?" என்று கேட்டார். அவருக்கு அவ்வளவுதான் பேச வந்தது. இல்லை என்று அவள் தலையாட்டினாள். மறுநாள் காலையில் அவர் வீட்டம்மாவின் புடவை ஒன்று சைக்கிள் கேரியரில் வந்தது.

பிஷப் கை வைத்த அன்று அக்கா இராப்போஜனத்துக்கு முதல் தடவை முன்னால் போனாள். அப்போதுதான் ஒரு கஷ்டம் தெரிந்தது. குழந்தைகளை யார் வைத்துக்கொள்வது? அக்கா நடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள். கோடி வீட்டு அத்தை பின்னால் சுவரோரம் உட்கார்ந்து, மடியை விரித்துப் போட்டுக்கொண்டு, "போடுங்கடி இங்க. நான் எங்க போவப்போறேன்" என்றாள். அத்தையின் மடியில் குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் நாங்கள் எல்லோரும் போனோம். திரும்பி வரும்போது அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். "என் பந்திக்கு நீ வந்தல்ல, என் கொட்டாய்க்கும் வா" என்றாள். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு மீதிக் கண்ணால் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். சாமி பேரில் மனசு நிற்க வேண்டும் என்றால் வேறு எதையும் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, ரெக்கார்டு சத்தம் ஓய்ந்தால்தான் ஜெபம் வரும் என்று நினைத்திருந்தேன். சத்தம் என்றைக்கும் ஓயவில்லை. கொட்டாய் போனது, டீவி வந்தது. இப்போது வீட்டில் ஆளுக்கு ஒரு போன். பேரப்பிள்ளைகள் சாப்பிடும்போதும் அதைத்தான் பார்க்கிறார்கள். அவர்களை மட்டும் சொல்ல மாட்டேன். நானும் ஜெபம் பண்ண உட்கார்ந்து, நேற்று நாடகத்தில் அந்த மருமகளுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அக்காவை நினைப்பேன். அவள் இப்போது இல்லை. பாட்டையும் வைத்துக்கொண்டு பிரமாணத்தையும் பிடித்துக்கொண்டவள் அவள். வேணும் என்று ஆசைப்பட்டதற்காகத் தன் முதுகை வளைத்து, ஊர் சிரித்தாலும் நிமிராமல் நின்றவள்.

எனக்கு இப்போது குனிய முடியாது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் படுக்கையில் உட்கார்ந்து, கட்டை விரலையும் ரெண்டு விரலையும் சேர்த்துப் போர்வையில் ஊன்றுகிறேன். ஒரு வார்த்தைக்கு ஒரு நாற்று. மனசு எங்கே ஓடினாலும் கை கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

வருஷமும், எந்தக் கொல்லியில் எதைப் படித்தோம் என்பதும் தப்பாக இருக்கலாம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் சரி பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அன்றைக்குக் கோயிலில் எங்கள் ரெண்டு பேருக்கு அப்புறம் முதலில் சேர்ந்த அந்தக் குரல் யாருடையது? நான் குனிந்திருந்தேன், பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஜெபத்திலும் அவளுக்காகவும் ஒரு நாற்று ஊன்றுகிறேன், பேர் தெரியாமலே.